இரண்டாவது கடை இல்லாத ஊர்

கேள்வி: மேடம், எனக்கு 29 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் 19,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வில் தேறியதில் இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் பிலாஸ்பூர் எய்ம்ஸ் கிடைத்திருக்கிறது. கணவர் இங்கே வடசென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர் வண்டி ஓட்டுகிறார். நான்கு வயதில் ஒரு பையன், அவனுக்கு அடிக்கடி வீசிங் வரும். அப்பா காசிமேட்டில் இருக்கிறார். சுகர்காரர், காலில் ஆறாத புண், தினமும் நான்தான் போய் டிரெஸ்ஸிங் செய்கிறேன். நான் ஒரே பெண். "இந்தப் புகையிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்க" என்கிறார் மாமியார். "அது காடு, நமக்குச் சரிப்படாது" என்கிறார் கணவர். வீடியோக்களில் பார்த்தால் பனியும் ஆப்பிளும்தான் தெரிகிறது. முழுக்கக் கிராமமாக இருக்கும் ஒரு மாநிலத்தில் வாழ்வதில் என்னதான் கஷ்டம்? யாரும் நேராகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள்.
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சிஸ்டர், முதலில் வாழ்த்து. நார்செட்டில் தேறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு நன்றாகவே தெரியும். மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் ஏழாம் நிலை, அடிப்படைச் சம்பளமே 44,900. இதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சம்பளத்தின் பெருமையைப் பேச உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கும். நீங்கள் கேட்டது குறைகளை. அதையே சொல்கிறேன்.

நான் பெரம்பூர்க்காரி. கல்லூரி வேலைக்கு வருவதற்கு முன்னால் நான்கு வருஷம் இமாச்சலில் ஒரு சின்ன மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வது போல அது காடு இல்லை. கிராமம் என்றதும் ஓலைக் குடிசையும் மண் ரோடும் மனதில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். 2011 கணக்கெடுப்பில் இமாச்சலத்தின் எழுத்தறிவு நம் தமிழ்நாட்டைவிட அதிகம். வீடுகள் நல்ல வீடுகள், கரண்ட் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. சிக்கல் வறுமையில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. அதே கணக்கெடுப்பின்படி இமாச்சலில் பத்துப் பேரில் ஒன்பது பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். மாநிலத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 68 லட்சம். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் அப்போது இருந்தவர்களும் ஏறத்தாழ அவ்வளவு பேர்தான், 66 லட்சத்துச் சொச்சம். நாம் இத்தனை பேரும் 426 சதுர கிலோமீட்டருக்குள் இடித்துக்கொண்டு இருக்கிறோம். அவர்கள் 55,673 சதுர கிலோமீட்டரில், மலைக்கு ஒரு பக்கமும் பள்ளத்துக்கு ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். நான் சொல்லப்போகும் எல்லாக் குறையும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் மாத்திரை இல்லை என்றால் என்ன செய்கிறீர்கள்? நான்கு கடை தள்ளி இன்னொரு மெடிக்கல். பஸ் போய்விட்டதா, ஷேர் ஆட்டோ. அதுவும் இல்லையா, இப்போது மெட்ரோவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கூட்டம் என்றால் ஜி.எச்., பிரசவம் என்றால் ஆர்.எஸ்.ஆர்.எம். சூப்பர்வைசர் ஒருநாள் ஏதாவது சொல்லிவிட்டால் உங்கள் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு அடுத்த வாரமே பக்கத்து யார்டில் சேர்ந்துவிடலாம். நம் வடசென்னையில் சாம்பல் உண்டு, கொடுங்கையூர்க் குப்பைமேட்டு நாற்றம் உண்டு, மழை வந்தால் முழங்கால் தண்ணீர் உண்டு. ஆனால் எதற்கும் இரண்டாவது ஒன்று உண்டு. அதை நாம் ஒரு வசதியாகக் கணக்கில் வைத்ததே இல்லை. நானும் அங்கே போய்தான் கண்டுபிடித்தேன்.

போன முதல் வருஷம் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. ஊரில் கண்ணாடிக் கடை ஒன்றுதான். கடைக்காரர் தன் கிராமத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் கண்ணாடியின் உடைந்த காதில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு நைட் டியூட்டி பார்த்தேன். ஒவ்வொரு ஆம்பியூலையும் விளக்குக்குக் கீழே கொண்டுபோய், பெயரைப் பக்கத்திலிருந்த அட்டெண்டரையும் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் ஊசியில் ஏற்றினேன். இன்றைக்கு ஆன்லைனில் எல்லாம் வருகிறதே என்பீர்கள். வரும். ரோடு திறந்திருந்தால் வரும்.

இப்போது உங்கள் கணவர் விஷயம். என் பார்வையில் இதுதான் உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி, ஆனால் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். ரீச் ஸ்டாக்கர் ஓட்டத் தெரிந்தவருக்கு எண்ணூர், மணலி, ஹார்பர் என்று சுற்றி வேலை இருக்கிறது. இமாச்சலுக்குக் கடலே கிடையாது. பத்தி என்ற தொழில்பேட்டை ஊரில் மருந்துக் கம்பெனிகள் நிறைய, கன்டெய்னர் டிப்போவும் உண்டு. ஆனால் பிலாஸ்பூரிலிருந்து மலைச் சாலையில் தினம் போய்வரும் தூரம் அல்ல. பிலாஸ்பூர் மாவட்டத்துக்குள் கனரக வண்டிப் பிழைப்பு என்றால் பெரும்பாலும் பர்மானா சிமென்ட் ஆலையைச் சுற்றித்தான். 2022 டிசம்பர் நடுவில் லாரி வாடகைத் தகராறில் அந்த ஆலையை மூடினார்கள். திறக்கும்போது 2023 பிப்ரவரி. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான லாரிகள் நின்றன. லாரிக்காரர் மட்டுமா? பஞ்சர் கடை, டீக்கடை, டயர் கடை எல்லாம் சேர்ந்து படுத்தது. ஒரு ஊர் ஒரே ஆலையின் தோளில் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். அங்கே லாரி ஓட்டம் முழுக்க உள்ளூர்ச் சங்கங்களின் கையில் இருக்கிறது. வெளியாள் போய் நடுவில் நுழைய முடியாது.

ஆக, நீங்கள் குடும்பத்தோடு போனால் உங்கள் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அவருடையது கொஞ்ச காலத்துக்காவது பூஜ்யம் ஆகும். மனைவி டியூட்டிக்குப் போக, பாஷை தெரியாத ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் ஆணை நான் அங்கே பார்த்திருக்கிறேன். கேரளாவிலிருந்து வந்த ஒரு சிஸ்டரின் கணவர். நல்ல மனிதர்தான். ஆறு மாதத்தில் குடிக்க ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் "அது காடு" என்று உங்கள் கணவர் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பயம் இருக்கலாம். அவர் வாயால் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அடுத்து மழைக்காலம். மே மாதத்தில் டூர் போனவர்கள் யாரிடமும் இதைக் கேட்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மலை நம் கையில் இல்லை. 2023-இல் அந்த இரண்டு மாதங்களில் வந்த வெள்ளமும் நிலச்சரிவும் மாநிலத்தில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. சிம்லாவில் சம்மர்ஹில் சிவன் கோவில் மேல் மலை சரிந்தது அந்த ஆகஸ்ட் 14-ஆம் தேதிதான். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த 2025 அக்டோபர் 7 மாலையில், உங்களுக்குக் கிடைத்திருக்கும் அதே பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஓடிக்கொண்டிருந்த பஸ் மேல் மலை விழுந்து பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அங்கே ரோடு மூடுவது நம் ஊரில் மரம் விழுந்து ஒரு மணி நேரம் டிராஃபிக் நிற்பது போன்றது அல்ல. மூடினால் சுற்றிப் போக வேறு ரோடு பெரும்பாலும் இருக்காது. பால் வண்டி வராது, ஆம்புலன்ஸ் நிற்கும், நீங்கள் ஷிஃப்ட் முடிந்தும் ரிலீவர் வராமல் அடுத்த டியூட்டியும் பார்ப்பீர்கள்.

என் அம்மா இறந்தது ஒரு ஆகஸ்ட் மாதம். ராத்திரி ஏழு மணிக்கு வார்டு போனில் தம்பி சொன்னான். விடியும்வரை காத்திருந்து கிளம்பினால், இருபது கிலோமீட்டரில் ரோடு இல்லை. ஜேசிபி வந்து மண்ணை வாரி வழி விட சாயங்காலம் ஆகிவிட்டது. சண்டிகர், டெல்லி, அங்கிருந்து கடன் வாங்கி விமானம். தம்பி இரண்டு ராத்திரி ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் பெரியவர்கள் இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். நான் மத்தியானம் வந்து சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். இன்றைக்கு ரோடு எவ்வளவோ மேல். கிரத்பூர் – நேர்சௌக் நான்குவழிச் சாலை 2023-இல் வந்தபிறகு சண்டிகரிலிருந்து பிலாஸ்பூருக்கு மூன்று மணி நேரம் போதும் என்கிறார்கள். ஆனாலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கே இரண்டு ராத்திரி, அதற்கு மேல் ஒரு ராத்திரி பஸ். பிலாஸ்பூருக்கு ரயில் பாதை இப்போதுதான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை உங்கள் அப்பாவின் கால் புண்ணோடு சேர்த்துப் பாருங்கள். சுகர் புண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் விரல் போகும் என்று தெரிந்தவர் நீங்கள். நீங்கள் கிளம்பும்முன் அந்த டிரெஸ்ஸிங்கை வேறு ஒரு கைக்கு மாற்ற வேண்டும். அம்மா கூட இருந்து, அவருக்குக் கண்ணும் நன்றாகத் தெரிந்தால் அவருக்கே சொல்லிக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பத்துப் பதினைந்து முறை அவரையே செய்ய வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இலிருந்து நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடுங்கள். புண்ணை ஸ்டான்லியில் தொடர்ந்து காட்ட யார் கூட்டிப்போவார்கள் என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "யாராவது பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

பையனின் வீசிங் பற்றி மாமியார் சொல்வதில் பாதி சரி. மணலிக் காற்றிலிருந்து வெளியே வந்தால் நல்லதுதான். ஆனால் மலைக்காற்று எல்லாமே மருந்து என்று நினைக்காதீர்கள். பிலாஸ்பூர் தாழ்வான ஊர், பனி விழும் ஊர் இல்லை. கோடையில் நல்ல வெயில். குளிர்காலத்தில் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்துப் பக்கம் அடர்ந்த மூடுபனி. சுற்றிலும் பைன் மரக் காடுகள். கோடையில் அவை தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகை. குளிரில் வீட்டுக்குள் விறகு எரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளிர்ந்த காற்று, புகை, பூந்தாது மூன்றுமே வீசிங்கைத் தூண்டும். போவதற்கு முன் குழந்தை டாக்டரிடம் எழுத்தில் ஒரு திட்டம் வாங்குங்கள். எப்போது எந்த இன்ஹேலர், எத்தனை பஃப், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். ஸ்பேசரும் இன்ஹேலரும் எப்போதும் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும். ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே நெபுலைசருக்கு ஓடிய நீங்கள், அங்கே பெரிய மருத்துவமனைக்கு உள்ளேயே இருப்பீர்கள். அந்த மாநிலத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எய்ம்ஸ் 2022-இல் திறப்பதற்கு முன் பெரிய வியாதி என்றால் சண்டிகரில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையான பி.ஜி.ஐ.க்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வார்டிலிருந்து அப்படி அனுப்பிய சிலர் வழியிலேயே போய்விட்டார்கள்.

மனிதர்களைப் பற்றிச் சொன்னால், நல்லவர்கள், நிதானமானவர்கள், திருட்டுப் பயம் குறைவு. ஆனால் யாருக்கும் யாரும் அந்நியர் இல்லை. காலையில் நீங்கள் என்ன காய் வாங்கினீர்கள் என்பது சாயங்காலம் வார்டில் தெரியும். வீட்டு ஓனர் சாதி கேட்பார். (இங்கே கேட்பதில்லையா என்றால், வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும் வீடு இல்லை என்றவர்களை எனக்கும் தெரியும்.) இந்தி பேசக் கற்றுக்கொள்வீர்கள், ஆனால் வயதான நோயாளிகள் பேசுவது கஹ்லூரி என்ற உள்ளூர்ப் பேச்சு. வலி எங்கே என்று புரிந்துகொள்ளவே எனக்கு மாதக்கணக்கானது. அப்புறம், எத்தனை வருஷம் இருந்தாலும் அங்கே நிலம் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் நிலச்சீர்திருத்தச் சட்டம், 118-ஆம் பிரிவு. அங்கே விவசாயியாக இல்லாதவருக்கு அரசு அனுமதி இல்லாமல் நிலம் கைமாறாது. அது அந்த மக்களைக் காப்பாற்றும் நல்ல சட்டம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் நீங்கள் அங்கே வாடகைக்காரராகவே இருப்பீர்கள் என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கோவிந்த் சாகரில் ரோகு, கட்லா கிடைக்கும். காசிமேட்டு வஞ்சிரத்துக்கு ஈடில்லைதான். மழைக்காலத்தில் அங்கேயும் தடைக்காலம் உண்டு. டிசம்பரில் இட்லி மாவு மட்டும் பொங்கவே பொங்காது, கம்பளியில் சுற்றி வைக்க வேண்டும்.

பணக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வாடகைப் படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், பிலாஸ்பூர் மாதிரி ஊரில் 10 சதவீதம். அதே சம்பளத்துக்கு 13,470 கிடைக்கும் இடத்தில் 4,490. குவார்ட்டர்ஸ் கொடுத்தால் அந்தப் படியும் வராது. ஆனாலும் உங்களுக்கு நான் குவார்ட்டர்ஸைத்தான் சொல்வேன். ராத்திரி டியூட்டி முடிந்து கடைசி பஸ்ஸைத் துரத்த வேண்டியதில்லை, வளாகத்துக்குள் கூட வேலை பார்க்கும் தென்னிந்திய சிஸ்டர்கள் இருப்பார்கள். சேரும்போதே எழுதிக் கேளுங்கள். மாற்றல் வாங்கி மதுரை எய்ம்ஸுக்கு வந்துவிடலாம் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள். ஒவ்வொரு எய்ம்ஸும் தனித் தன்னாட்சி நிறுவனம். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் தேர்வைத் திரும்ப எழுதித்தான் வருகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய்விடக்கூடிய ஆந்திராவின் மங்களகிரி எய்ம்ஸ் உங்களுக்கு நல்ல குறி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், சேர்வேன். ஆனால் முதல் வருஷம் தனியாகப் போவேன். பையன் உங்கள் மாமியாரிடமும் கணவரிடமும் இருக்கட்டும். அவர் வேலையை விட வேண்டாம். ஒரு வருஷத்துக்குப் பிள்ளையைப் பிரிவது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். அது முடியாது என்றால் பையனையும் மாமியாரையும் கூட்டிப்போங்கள், கணவர் மட்டும் இங்கே இருக்கட்டும். குடும்பம் முழுக்க ஒரே நாளில் வீட்டைக் காலி செய்து கிளம்புவதைத்தான் நான் வேண்டாம் என்பேன். அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டால் திரும்பி வர இடமும் இருக்காது. கணவர் ஆகஸ்டில் ஒருமுறை வந்து பத்து நாள் தங்கட்டும். மே மாதம் வேண்டாம், ஆகஸ்டில். அதைப் பார்த்தபிறகும் "சரி, வரலாம்" என்று அவர் சொன்னால், அப்புறம் யோசியுங்கள். இதற்கு நடுவில் நார்செட்டை மறுபடியும் எழுதிக்கொண்டே இருங்கள்.

லீவு விஷயத்தில் மத்திய அரசு வேலை தாராளம்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் எட்டு வருஷத்தில், நான்கு வருஷத்துக்கு மூன்று முறை சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்வர எல்.டி.சி. என்ற பயணச் சலுகை உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள் லீவு இருக்கிறது. வேலையில் சேரும் நாளில் ஒரு கட்டு படிவம் நீட்டுவார்கள். அதில் ஹோம் டவுன் என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் அங்கே தங்கியிருக்கும் முகவரியை எழுதிவிடாமல், சென்னை என்று எழுதுங்கள்.